விறகு சும்மா கிடைத்தவரை
பேராக்கின் ஈய லம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் ஆற்றல் சிக்கனத்தைப் பற்றிச் சொல்வது

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில், ஒரு குளத்தின்மேல் 4,500 டன் இரும்பு நிற்கிறது. 1938-ல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட டிடி5 என்ற ஈயக் கப்பல் அது. சங்கிலியில் கோத்த பெரிய பெரிய வாளிகள் தண்ணீருக்கடியில் இறங்கி மண்ணை வாரி மேலே கொண்டுவரும். கப்பலுக்குள்ளேயே மண்ணைக் கழுவி, சலித்து, வெள்ளீயத் தாதைப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சச் சகதியைப் பின்பக்கமாகத் தள்ளிவிடும். 1980களின் தொடக்கம்வரை வேலை செய்த இந்தக் கப்பலைப் பார்க்க வருகிறவர்கள் அதன் பருமனைக் கண்டு வியக்கிறார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இத்தனை பெரிய எந்திரத்தில் விறகுக்கோ நிலக்கரிக்கோ அடுப்பே கிடையாது. கரையிலிருந்து வந்த மின்கம்பிதான் அதை ஓட்டியது.

இந்தக் கப்பல் நிற்கும் கிந்தா பள்ளத்தாக்கு மின்சாரத்துக்கு மாறியது ஆடம்பரத்துக்காக அல்ல. அதற்கு முன்பு ஈயத்தை உருக்கக் கரி வேண்டியிருந்தது. ஈயச் சுரங்கமான லம்பத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் நீராவி எந்திரங்களுக்கு விறகு வேண்டியிருந்தது. இரண்டும் பக்கத்துக் காட்டிலிருந்தே வந்தன. காடு விலகிப்போகப் போக விறகு வரும் தூரம் கூடியது, கூலி கூடியது, கணக்குப் புத்தகத்தில் எரிபொருள் செலவு ஏறியது. கோப்பெங் பக்கத்தில் சில லம்பங்கள் மலையோடைத் தண்ணீரைக் குழாய் வழியே இறக்கி, அந்த அழுத்தத்தைக் கொண்டே மண்ணைக் கரைத்து வேலையை முடித்தன. எரிபொருளுக்குக் காசே இல்லாத வழி அது. ஆனால் மலையும் ஓடையும் அருகில் இருப்பவருக்கே வாய்த்தது.

மற்றவர்களுக்கு மின்சாரம். மலாயாவில் இதற்கு ஆரம்பம் போட்டவர்களில் ஒருவர் தமிழர். 1894-ல் சிலாங்கூரின் ரவாங்கில், தங்கள் ஈய லம்பத்தில் மின்னாக்கியை நிறுவியவர்கள் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும். பத்துமலைக் கோயிலோடு நினைக்கப்படும் தம்புசாமிப் பிள்ளையை மின்சாரத்தின் வரலாற்றிலும் சேர்த்து நினைப்பது நியாயம். பேராக்கில் 1913-ல் பத்து காஜாவில் முதல் ஈயக் கப்பல் இறங்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கப்பல்கள் பெருகின. அவற்றுக்காகவே பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி 1926-ல் உருவானது. 1930-ல் செண்டேரோ அணை இயங்கத் தொடங்கியது. மலிம் நாவாரில் அனல்மின் நிலையம் ஒன்றும் எழுந்தது. அந்தத் தனியார் கம்பெனி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்து, 1982-ல்தான் தேசிய மின்சார வாரியத்தின் கைக்கு வந்தது.

செண்டேரோவுக்கு மேலே பின்னாளில் தெமங்கோர், பெர்சியா, கெனரிங் ஆகிய அணைகள் வந்தன. தெமங்கோரில் சுழலியைச் சுற்றிவிட்டு இறங்கும் தண்ணீரே பெர்சியாவில் மறுபடி சுற்றுகிறது, கெனரிங்கில் மறுபடி, செண்டேரோவில் நான்காம் முறை. ஒரே ஆற்று நீரிலிருந்து நான்கு தடவை வேலை வாங்கும் இந்த ஏற்பாடு சிக்கனத்தின் தெளிவான வடிவம். அதற்கான விலையை மேட்டுநில ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் தங்கள் ஊர்களைத் தண்ணீருக்குக் கொடுத்துச் செலுத்தினார்கள் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

லம்ப முதலாளி எரிபொருளுக்குத் தன் பையிலிருந்து பணம் கொடுத்தார். எந்த எந்திரம் வாங்குவது என்பதையும் அவரே தீர்மானித்தார். அதனால் மாற்றம் வேகமாக நடந்தது. அதே பேராக்கில், சில மைல் தள்ளி, ரப்பர்த் தோட்டங்களில் கதை வேறு.

கோலகங்சாரில் 1877-ல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ ஊன்றிய ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய தொழில், நாற்பது ஆண்டுகளுக்குள் மாநிலத்தின் முகத்தையே மாற்றியது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்த பால் அங்கே உறைய வைக்கப்பட்டு, உருளையில் தகடாக அழுத்தப்பட்டு, புகைவீட்டுக்குப் போகும். மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கும் தகடுகள் நாலைந்து நாள் புகையிலும் சூட்டிலும் காய்ந்து, வெள்ளையிலிருந்து தேன் நிறத்துக்கு மாறும். எரிந்தது பெரும்பாலும் ரப்பர்க் கட்டையே. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது கட்டை மலைபோல் குவியும். சும்மா கிடைத்த விறகு.

இங்கே சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகு எரிந்தால் 15 மெகாஜூலுக்குக் குறையாமல் கிடைக்கும். ஏட்டுக் கணக்குப்படி ஒரு கிலோ விறகு ஆறு கிலோ ஈரத்தைப் போக்க வேண்டும். எந்தப் புகைவீடும் அதன் அருகில்கூடப் போனதில்லை. பலகைச் சுவரின் இடுக்குகளிலும், கூரையின் புகைத்துளையிலும், ஆள் உள்ளே போக ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் சூடு வெளியே ஓடியது. விறகு ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தைக் காய வைக்கவே பாதி நெருப்பு போய்விடும். கதவுக்கு ஒரு பட்டை அடித்து, அடுப்பின் காற்றோட்டத்தைச் சீர்செய்தாலே பெரும் மிச்சம் கண்டிருக்கலாம். தோட்டத்துத் தச்சருக்கு இது தெரியாத வித்தை அல்ல. ஆனால் விறகுக்கு விலை இல்லாதபோது, கதவு இடுக்கை அடைக்கும் கூலி மட்டுமே கணக்கில் செலவாகத் தெரியும். விறகை வெட்டிச் சுமந்து அடுக்கிய தொழிலாளியின் முதுகுவலி எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

1980களுக்குப் பிறகு ரப்பர்க் கட்டையில் மேசையும் நாற்காலியும் செய்து ஏற்றுமதி செய்யலாம் என்று ஆனதும், கட்டைக்கு விலை வந்தது. விலை வந்தபின் அதை அடுப்பில் போட யாருக்கும் மனம் வரவில்லை. ஆற்றல் சிக்கனத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது: வீணாவதற்கு யார் பணம் கொடுக்கிறார்? அதைத் தடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா?

செம்பனை ஆலைகள் இதற்கு இன்னும் துல்லியமான சாட்சி. ரப்பரை விட்டு இறங்கிய பேராக் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கே போயின. ஒரு டன் பழக்குலையை ஆலைக்குள் விட்டால் ஏறத்தாழ 200 கிலோ எண்ணெய் வரும். மீதியெல்லாம் வெறுங்குலை, நார், ஓடு, கழிவுநீர். நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, வரும் நீராவியால் பழத்தை வேகவைத்து, அதே நீராவியால் மின்னாக்கியையும் சுற்றிக்கொள்வது ஆலைகளின் பழைய வழக்கம். கேட்கச் சிக்கனமாகத்தான் தெரிகிறது. உண்மையில் அந்தக் கொதிகலன்கள் பலவும் திறன் குறைந்தே இருக்கும்படி அமைக்கப்பட்டவை. நார் மிஞ்சிவிட்டால் அதைக் கொட்ட இடம் தேட வேண்டும். ஆகவே நிறைய எரித்துக் கொஞ்சமாக வேலை வாங்கும் கொதிகலனே ஆலைக்கு வசதி. கெட்டிக்காரப் பொறியாளர்கள் தெரிந்தே செய்த வீணடிப்பு அது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மிஞ்சிய மின்சாரத்தை வாங்க அன்று ஆள் இல்லை.

2011-ல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து இத்தகைய மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்கு வாங்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்ததும் கணக்கு மாறத் தொடங்கியது. மாற்றத்தின் மையம் நாரோ ஓடோ அல்ல, கழிவுநீர். பழுப்பாகக் கொழகொழவென்று சூடாக வெளிவரும் அந்தத் தண்ணீர், திறந்த குட்டைகளில் அழுகும்போது மீத்தேன் வாயு குமிழியிட்டு வெளியேறும். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. குட்டையை மூடி அதைப் பிடித்தால் எவ்வளவு கிடைக்கும்? ஒரு டன் பழக்குலைக்கு ஏறக்குறைய 0.65 கனமீட்டர் கழிவுநீர். ஒரு கனமீட்டர் கழிவுநீருக்கு 28 கனமீட்டர் அளவுக்கு உயிரிவாயு. ஒரு கனமீட்டர் வாயுவுக்கு ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம். பெருக்கிப் பார்த்தால் 36 யூனிட்டுக்கு வருகிறது. அதே ஒரு டன் பழத்தை ஆட்ட ஆலைக்குத் தேவைப்படுவது சுமார் 20 யூனிட்! தேவைக்கு மேலான மின்சாரத்தை இத்தனை பத்தாண்டுகளாகக் குட்டையில் அழுக விட்டிருக்கிறோம்.

தெலுக் இந்தான் பக்கத்து ஜெண்டராட்டா தோட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் பிளான்டேஷன்ஸ் இந்த வழியில் முன்னே போன நிறுவனங்களில் ஒன்று. 1906-ல் இதற்கு வித்திட்ட ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் என்ற டென்மார்க்காரர், சயாமில் மின்சாரக் கம்பெனியோடு சம்பந்தப்பட்ட பொறியாளர். பழக்குலையை ஏற்றிச் செல்லத் தோட்டத்துக்குள் குறுகிய ரயில் பாதையை விடாமல் வைத்திருப்பதும் இந்த நிறுவனத்தின் தனித்தன்மை. இரும்புத் தண்டவாளத்தில் உருளும் சுமைக்கு, மண் சாலையில் போகும் லோரியைவிடக் குறைவான எண்ணெய் போதும். கழிவுநீர்க் குட்டையை மூடி வாயு பிடிக்கும் வேலையை, கியோட்டோ உடன்படிக்கையின் தூய வளர்ச்சித் திட்டம் கரியமிலக் கணக்குக்குக் காசு கொடுத்த காலத்திலேயே தொடங்கிவிட்டார்கள். 2014 ஜனவரியிலிருந்து புதிய ஆலைகளும், கொள்ளளவைப் பெருக்க விரும்பும் ஆலைகளும் வாயுவைப் பிடித்தே ஆக வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. பழைய ஆலைகள் பலவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மின்கம்பி அருகில் இல்லாத உட்பகுதி ஆலை, வாயுவைப் பிடித்தாலும் மின்சாரத்தை யாருக்கு விற்கும் என்ற சிக்கலும் இருக்கிறது.

இத்தனை சொன்னபின் ஒரு மறுப்பையும் கேட்டாக வேண்டும். 1865-லேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் எச்சரித்தார்: நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக, நிலக்கரிச் செலவு குறையாது, கூடும், மலிவானதைப் புதிய புதிய வேலைகளுக்கு மக்கள் பயன்படுத்துவார்கள். கிந்தா அதைக் கண்ணால் கண்டது. மின்சாரக் கப்பல் வந்ததால், முன்பு கட்டுப்படியாகாத மெலிந்த மண்ணையும் தோண்ட முடிந்தது. ஒவ்வொரு கிலோ ஈயத்துக்கும் ஆன எரிபொருள் குறைந்தது; பள்ளத்தாக்கு அதைவிட வேகமாகக் காலியானது. மணல் திட்டும் குளமும் மிஞ்சின. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது, ஊரைத் தாங்க வேறு தொழில் போதவில்லை. எனவே சிக்கனம் ஒன்றே நிலைத்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நம்புவது தவறு. மிச்சப்பட்டது எங்கே போகிறது, யாரிடம் போகிறது என்பது அதே அளவுக்கு முக்கியம்.

யாரிடம் என்ற கேள்வி பேராக் தமிழருக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு வேண்டிய ஆட்களில் சிறு பங்கு போதும், அதே பரப்பில் செம்பனை நடத்த. கம்பெனிக் கணக்கில் அது திறன் உயர்வு. லயத்து வரிசை வீடுகளில் மூன்று தலைமுறையாக இருந்தவர்களுக்கு அது வேலையும் வீடும் சேர்ந்து போன நாள். தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடி நின்றுவிடும் லயங்களிலிருந்து வெளியேறியவர்கள், சுங்கை சிப்புட், ஈப்போ, தெலுக் இந்தான் ஓரங்களில் மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். முதல்முறையாக நாள் முழுக்க மின்சாரம். முதல்முறையாக மாதாமாதம் கரண்டு பில்.

அந்த வீட்டுக்குள் மத்தியானம் இரண்டு மணிக்கு நின்று பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் ஒவ்வொரு சதுர மீட்டர் கூரைமீதும் ஆயிரம் வாட் அளவுக்கு வெப்பம் விழுகிறது. தகரக் கூரையோ மெல்லிய ஓடோ, கீழே ஒரு பலகைத் தளம், நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. கூரையடி வெளி அடுப்பாகிறது. பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சூடு மேலேயிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஃபேன் அதே சூட்டுக் காற்றைத்தான் முகத்தில் வீசும். பழைய ஈப்போ கடைவீடுகளைக் கட்டியவர்கள் நடுவில் வானம் பார்த்த முற்றமும், முன்பக்கம் ஐந்தடி நடைபாதையும், உயர்ந்த கூரையும் வைத்தார்கள். கட்டியவரோ அவர் வீட்டாரோ அதில் குடியிருந்ததால் அந்த அக்கறை இருந்தது. மலிவு வீட்டைக் கட்டும் ஒப்பந்தக்காரர் அதில் தூங்கப் போவதில்லை. கூரைக்கடியில் ஒரு வெப்பத் தடுப்பு விரிப்பை விரிக்கும் செலவு அவருடையது. விரிக்காததன் செலவு, அடுத்த முப்பது ஆண்டுக்கும் குடியிருப்பவருடையது.

அந்தச் செலவு மெல்ல ஏறுகிறது. சீலிங் ஃபேன் ஒன்று 60, 70 வாட் இழுக்கும். புதுவகை டிசி ஃபேன் அதில் பாதி. தாங்க முடியாமல் தவணையில் வாங்கி மாட்டும் ஒரு குதிரைத்திறன் ஏர்கண்டிஷனரோ, அதன் அமுக்கி ஓடும்போது 800 வாட்டுக்கு மேல்; பத்துப் பன்னிரண்டு ஃபேனுக்குச் சமம். கூரை சரியாக இருந்திருந்தால் அந்த அறைக்கு அது தேவைப்பட்டிருக்காது, தேவைப்பட்டாலும் பாதி நேரம் போதும்.

வீட்டில் எரியும் அந்த யூனிட்டின் மறுமுனையும் பேராக்கிலேயே இருக்கிறது. மஞ்சோங் கடற்கரைக்கு எதிரே, கடலை நிரப்பி உண்டாக்கிய தீவில் சுல்தான் அஸ்லான் ஷா மின்நிலையம். முதல் மூன்று அலகுகள் தலா 700 மெகாவாட். 2015-லும் 2017-லும் தலா ஆயிரம் மெகாவாட் அளவில் இரண்டு சேர்ந்தன. எரிவது கப்பலில் வரும் வெளிநாட்டு நிலக்கரி. புதிய அலகுகள் உயர் அழுத்த நீராவியில் ஓடும் நவீன வகை. அவையும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டையே மின்சாரமாக்குகின்றன. மீதி கடல் நீரோடும் புகைபோக்கியோடும் போகிறது. கம்பியில் இன்னும் சில விழுக்காடு. வீட்டில் ஒரு யூனிட் எரிந்தால், ஏறக்குறைய அரைக் கிலோ நிலக்கரி அங்கே எரிந்திருக்கும். மாதம் நூறு யூனிட் மிச்சம் பிடிக்கும் குடும்பம், ஐம்பது கிலோ மூட்டை ஒன்றைக் கப்பலிலேயே நிறுத்திவிடுகிறது.

சட்டம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஆனால் பெரியவர்களிடமிருந்து தொடங்கியிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆற்றல் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம், ஆண்டுக்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும் பயன்படுத்துவோர் ஆற்றல் மேலாளரை அமர்த்த வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது. மின்சாரமாகக் கணக்கிட்டால் அறுபது லட்சம் யூனிட். 2008-ன் விதிகள் மின்சாரத்தை மட்டும் பார்த்தன. புதிய சட்டம் வெப்பத்தையும் கணக்கில் எடுக்கிறது. சுண்ணாம்புக் குன்றுகளை நம்பிச் சிமெண்டு ஆலைகள் நிற்கும் கிந்தாவுக்கு இது பெரிய விஷயம். சிமெண்டில் ஆற்றல் செலவு பெரும்பாலும் சூளையின் நெருப்பில்தான்: ஈரமுறைச் சூளைக்கு ஒரு டன் கிளிங்கருக்கு 5, 6 கிகாஜூல் வேண்டும், புகையின் சூட்டிலேயே மாவை முன்கூட்டிக் காய்ச்சும் உலர்முறைச் சூளைக்கு மூன்றரைக்குள் முடியும்.

ஸ்ரீ இஸ்கண்டாரில், பழைய ஈய நிலத்தில் எழுந்த பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இன்னொரு முறையைக் காட்டுகிறது. அங்கே எரிவாயுச் சுழலி மின்சாரம் தயாரிக்கிறது. அதன் சூடான புகை நீராவியாகி, அந்த நீராவி குளிர்நீரை உண்டாக்கி வளாகக் கட்டடங்களைக் குளிர்விக்கிறது. இரவில் குளிரவைத்த நீரைத் தொட்டியில் தேக்கிப் பகலில் பயன்படுத்துகிறார்கள். கட்டடமும் எரிபொருளும் பில்லும் ஒரே வளாகத்தின் கணக்கில் வருவதால் இப்படி யோசிக்க முடிந்தது.

மலிவு வீட்டுக்காரருக்கு இந்த வசதி இல்லை. 2011-லும் மறுபடி 2021-லும் நட்சத்திரம் அதிகமுள்ள குளிர்ப்பெட்டிக்கு அரசு 200 ரிங்கிட் கழிவு கொடுத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் மீதி ஆயிரத்துச் சொச்சம் கையில் இருப்பவரே அந்த இருநூறைப் பெற முடியும். இல்லாதவர் பழைய சாமான் கடையில் ஒரு குளிர்ப்பெட்டி வாங்கி, ஆண்டு முழுவதும் அதன் வீணடிப்புக்குக் கரண்டு பில்லில் தண்டம் கட்டுகிறார். கூரை விஷயத்தில் 2012-ல் திருத்தப்பட்ட கட்டட விதி, வீடு உட்பட எல்லாக் கட்டடங்களின் கூரைக்கும் வெப்பம் கடத்தும் அளவுக்கு வரம்பு வைத்தது: இலேசான கூரைக்கு, ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 0.4 வாட். வெறும் தகரம் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் கடத்தும். மாநிலம் மாநிலமாக ஏற்றுக்கொள்ள வேண்டிய விதி அது. புதிய வீடுகளுக்கே பொருந்தும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய கூரைகள் அப்படியே இருக்கின்றன.

அவற்றுக்கு வழி இல்லாமல் இல்லை. 2025 ஜூலை முதல் புதிய கட்டண முறையில், மாதம் ஆயிரம் யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு பில்லிலேயே ஆற்றல் திறன் ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. பயன்பாடு குறையக் குறைய யூனிட்டுக்கான கழிவு கூடுகிறது. பில் வழியாகப் பணத்தைக் கழிக்கத் தெரிந்த அமைப்புக்கு, பில் வழியாகவே கடனைத் திரும்பப் பெறவும் முடியும். கூரைக்கடியில் விரிப்பையும் இரண்டு டிசி ஃபேனையும் முதலில் பொருத்திக் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் யூனிட்டின் காசிலிருந்து மாதாமாதம் சிறு தொகையாக எடுத்துக்கொள்ளலாம். கடன் ஆளின் பெயரில் இல்லாமல் மீட்டரின் பெயரில் இருந்தால், வாடகைக்கு இருப்பவர் வீடு மாறினாலும் அடுத்து வருகிறவர் குளிர்ந்த வீட்டையும் மிச்சத் தவணையையும் சேர்த்தே பெறுவார். வீட்டுக்காரரின் சம்மதம் மட்டும் முன்கூட்டி வேண்டும். இதைத் தொடங்க ஒரு மாநிலம் போதும். பேராக்கில் அதற்கு முதல் வேலை, பழைய தோட்டங்களை ஒட்டிய மலிவு வீட்டுத் தாமான்களில் எந்தக் கூரைக்கடியில் என்ன இருக்கிறது என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்துக் கணக்கெடுப்பது.